மஞ்சள் கிலுகிலுப்பையும் ஊதாக் கிலுகிலுப்பையும்

செடிகொடிப் பாடம் நடத்திப் பிழைத்தவர்களுக்குப் பேருந்தில் எந்த ஜன்னலோரம் கிடைத்தாலும் கண் சாலையோரப் புதரில்தான் இருக்கும். நீங்களும் என் இனம் என்றால், ஓய்வு பெற்ற பிறகும் பசுமலையில் ஒரு மகளிர் கல்லூரியின் காட்டுச்செடித் தோட்டத்தை நான் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்பது புரியும்.

பைக்குள் சத்தம்

மஞ்சளாகப் பூக்கும் கிலுகிலுப்பை எங்கள் குன்றின் சரளையில் யாரும் கேட்காமலே வளரும். மூன்று மூன்றாக இலை. ஊதாவாகப் பூப்பதற்கு ஒற்றை இலை; அது வளரக் கண்மாய்க் கரையின் ஈரம் வேண்டும். இரண்டையும் அருகருகே மாணவிகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, ஊதா விதைக்காகத் திருவாதவூர் போனேன்.

காய்ந்த காய்க்குள் விதைகள் கொலுசுப் பரல்போல ஒலிக்கும். பேருந்தில் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் என் பை பேசியது. ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். நடத்துநர் குனிந்து கேட்டார்: "ஏம்மா, பைக்குள்ள உசுரோட எதுவும் இல்லையே?"

கெடு

கல்லூரி முதல்வர் என்னைவிட இளையவர், நல்லவர்தான். அவருக்குத் தோட்டம் காலி இடமாகத் தெரிந்தது.

"தைக்குள்ள ஊதா பூக்கலைன்னா அங்க வண்டி ஸ்டாண்டு போட்டுர்றேன் மேடம். பிள்ளைங்க வண்டியெல்லாம் வெயில்ல வேகுது."

முறைப்பு

பாத்தியிலும் தொட்டியிலும் விதைத்தேன். மஞ்சள் இடுப்பளவு வளர்ந்து காற்றில் ஆடியது. ஊதா, பாத்தியில் இரண்டு இலை விட்டுக் கருகியது; தொட்டியில் முளைக்கவே இல்லை. காலையில் போய்க் குனிந்தால் நிமிர மனம் வராது. தோட்ட வேலை பார்க்கும் பாண்டியம்மா விளக்குமாற்றை ஊன்றி நின்று சொன்னாள்: "இம்புட்டு மொறைச்சா அது எப்புடிம்மா தலையத் தூக்கும்?"

குழாயடி

முளைக்காத தொட்டி மண்ணை அவள் கை கழுவும் குழாயடியில் கொட்டிவிட்டிருந்தாள். தை பிறந்த வாரம் அங்கே, சொட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில், ஊதா பூத்து நின்றது. முதல்வரை நானே கூட்டிவந்தேன். அவர் பூவைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

"வந்துருச்சு, சரி. ஆனா தோட்டத்துக்கு வெளியில வந்துருக்கே மேடம்?"

பாண்டியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்: "வேலிய இங்கிட்டு நகட்டுனா உள்ள வந்துரும்ல?"

முதல்வர் சிரித்துவிட்டதால் இப்போது வண்டிகள் நூலகத்துக்குப் பின்னால் நிற்கின்றன, எங்கள் வேலி குழாயைச் சுற்றிக் கோணிக்கொண்டு போகிறது, நேரான வேலிக்குள் எதுவும் வளரும் என்று நான் இனி யாருக்கும் உறுதி சொல்வதாக இல்லை.