மதினி தலையில் எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் பட்டாசு கம்பெனியில் தலைக்குப் பட்டை கட்டச் சொன்ன சீசனில், நான் திருத்தங்கலிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கறுப்பு ரப்பர் பட்டை. நெற்றியைச் சுற்றி மாட்டினால், மூளை வேலையில் இருக்கிறதா, வேறெங்காவது மேய்கிறதா என்று சொல்லிவிடுமாம். கவனம் என்றால் பட்டையில் பச்சை விளக்கு, பராக்கு என்றால் சிவப்பு. விபத்து வராமல் இருக்கத்தான் என்றார் மேனேஜர். கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். எங்கள் மூளையிலிருந்து வருகிற தகவலெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் போட்டிருந்ததை மறுவாரம்தான் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாளே கூத்து. தலையில் வைத்த எண்ணெய்க்குப் பட்டை வழுக்கி வழுக்கி எல்லோருக்கும் மூக்கில் வந்து நின்றது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஒருத்தி எங்களோடு இருந்தாள். அவளுக்கு நாள் முழுக்கப் பச்சை. "பாருங்க, இவுகளுக்கு எம்புட்டுக் கவனம்" என்று மேனேஜர் எங்களைக் கைதட்டச் சொன்னார். தட்டிய சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

மதினிக்குத்தான் சிவப்பு. என் அண்ணன் மனைவி. பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கை தன்பாட்டுக்கு அடைக்கும், ஒரு பொட்டு மருந்து கீழே சிந்தாது. ஆனால் தினமும் பதினொரு மணிக்குச் சிவப்பு எரிந்து அரைமணி நேரம் அணையாது.

மேனேஜர் வந்து நின்றார். "இந்நேரத்துக்கு அப்படி என்னத்தம்மா நினைக்கீக?"

"வேலையில குறை இருந்தாச் சொல்லுங்கய்யா" என்றார் மதினி.

"வேலை நல்லாத்தான் இருக்கு. நினைப்புதான் சரியில்ல."

அடுத்த வாரமும் சிவப்பு எரிந்தால் அறையை விட்டு வெளியே அனுப்பி வாசல் பெருக்க விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷம் மருந்து அடைத்த கை. மதினி அன்று மதியம் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

"மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணிப் பாருங்க மதினி" என்று நான்தான் யோசனை சொன்னேன். எண்ணினார். விளக்கு பச்சையானது. கவனமெல்லாம் எண்ணிக்கையில் போனதால் கை தடுமாறி, முதன்முறையாக மருந்து தரையில் சிந்தியது. மேனேஜர் மதினி நெற்றியில் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு "சபாஷ்" என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டு, மதினியை இழுத்துக்கொண்டு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். 'என் மதினியின் நினைப்பு என் மதினிக்கே சொந்தம்' என்று மனுவில் எழுதியிருந்தேன். அங்கே தொழிற்சாலைகளைக் கவனிக்கிற அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார்.

"கூலிக்குச் சட்டம் இருக்கு. கையில அடிபட்டாலும் சட்டம் இருக்கு. நினைப்ப எடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் நான் படிச்சதில்லையேம்மா."

"அப்ப யார் வேணாலும் எடுத்துக்கிடலாமாய்யா?"

அவர் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பட்டை எதுல ஓடுது?" என்று கேட்டார்.

"பேட்டரியில" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தீப்பொறி வந்துவிடக் கூடாதென்று கம்பெனி வாசலில் எங்கள் செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் அறைக்குள் போகிறோம். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆளுக்கொரு பேட்டரியை நெற்றியில் கட்டிக்கொண்டு மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அதிகாரி உடனே போனை எடுத்தார். நாங்கள் ஊர் திரும்புமுன் பட்டைகளை மூட்டை கட்டிவிட்டார்கள். மருந்துக்கு ஆபத்து வரக் கூடாது என்று சட்டம் இருந்தது, அதனால் மதினி பிழைத்தார். நாளைக்குப் பேட்டரி இல்லாத பட்டை வந்தால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் மதினி தன் இடத்தில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணி ஆனது. கை ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மதினி, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. இந்நேரத்துக்கு என்னதான் நினைப்பீக?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதத்தானே ஆத்தா மேனேஜரும் கேட்டாரு" என்றார்.