மலையில் பிறந்தவன் முதன்முதலாக மலை ஏறியது

அன்று சிவனொளிபாத மலையடியில், நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியது ஐந்து பேர். குளத்துக்குக் கீழே பத்து ஏக்கர் வயல் செய்கிற அண்ணர். அவருடைய தம்பி. அவர்களுடைய உழவு இயந்திரத்தை ஓட்டுகிறவர். வவுனியாச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஐந்தாவது ஆள் நான், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். வேறு எவரும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சண்டை சில மாதங்கள் ஓய்ந்திருந்தது. பெரும்போக நெல் வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கிய நேரம். நெல்லுக் குத்த வந்த அண்ணர், சிவனொளிபாத மலைக்கு ஒருக்கால் ஏறிப் பார்க்கவேண்டும் என்று மில் வாசலில் நின்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ மலையில பிறந்தனி. எத்தினையோ தரம் ஏறியிருப்பாய், என்ன?"

"ஓம் அண்ணை," என்றேன்.

அது பொய். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தது மட்டும்தான் உண்மை. எழுபத்தேழு இனக்கலவரத்தில் எங்களை லொறியில் ஏற்றி வன்னிக்குக் கொண்டுவந்தபோது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு நான் ஏறிய உயரம் குளக்கட்டுத்தான். ஆனால் அதுவரைக்கும் நான் பிறந்த இடத்தைப் பற்றி யாரும் ஒரு நல்ல காரியத்துக்காக என்னிடம் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டான் என்பார்கள், சிலர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். முதல்முறையாக ஒருவர் மரியாதையோடு கேட்டபோது வாய் தானாக ஓம் போட்டுவிட்டது. அதோடு நான்தான் வழிகாட்டி என்று முடிவாகி, என் செலவை மற்ற நான்கு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து நித்திரை இல்லை. மலையில் பொய் பிடிபட்டால் மில் வாசலில் ஆயுளுக்கும் இதுதான் கதையாக இருக்கும்.

வவுனியாவை விட்டு வெளியே போக இராணுவம் தருகிற பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகள் எல்லாம் தாண்டி, அட்டனில் ஒரு கோயில் மடத்தில் படுத்தோம். ஐந்து பேருடைய பாஸும் என் பொறுப்பு. வியர்வையில் எழுத்து அழிந்துவிடும் என்ற பயத்தில் அவற்றை பிளாஸ்டிக் சொப்பிங் பையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்து, ஊசி குத்தியிருந்தேன். பாஸின்படி நாளை மறுநாள் பின்னேரத்துக்குள் வவுனியா திரும்பவேண்டும். மழை பெய்தால்? பஸ் பழுதானால்? அண்ணருக்கு நெஞ்சு அடைத்தால்? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இந்தக் கேள்விகளை அடுக்குவதில் என்னை யாரும் வெல்லமுடியாது.

மலையடியில் நின்றபோது காலை ஒன்பது மணி இருக்கும். சனமெல்லாம் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. எதிரே ஏறுவதற்கு நின்றது நாங்கள் மட்டும்தான். எல்லாரும் இரவில் ஏறி, உச்சியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு விடிந்த பிறகு இறங்குவார்களாம். அது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. காலையில் வெளிக்கிட்டால் காணும், அவசரமில்லை என்று சொன்னவன் நான்.

"என்னடாப்பா, திருவிழா முடிஞ்ச பிறகு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அப்பதான் நெரிசல் இராது, படியைப் பார்த்துக் கால் வைக்கலாம் என்று சமாளித்தேன். உழவு இயந்திரக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முதல் மணித்தியாலம் சுகமாகத்தான் போனது. தேயிலைக்கு நடுவே பாதை, இடைக்கிடை தேத்தண்ணிக் கடை. பிறகு படிகள் தொடங்கின. எங்கள் கால்கள் வயல் வரம்பில் நடந்து பழகியவை. அரை மணித்தியாலத்தில் தம்பிக்காரன் கேட்கத் தொடங்கினான், இன்னும் எவ்வளவு தூரம் என்று. அம்மா எப்போதோ சொன்னது அப்போது கைகொடுத்தது. அந்த மலையில் ஏறுகிறவர்கள் தூரம் கேட்கக் கூடாது, கேட்டால் மலை நீண்டுகொண்டே போகும். அதைச் சொன்னேன். மெய்யான வழக்கம்தான், ஆனால் நான் சொன்ன காரணம் வேறு. எனக்கும் தூரம் தெரியாது. கேட்கத் துடித்துக்கொண்டிருந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

உச்சிக்குக் கிட்ட படிகள் சுவர் போல நிமிர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் பிடித்து ஏறக் கம்பி போட்டிருந்தார்கள். மேலே முகில் மூடியிருந்ததால் முடிவு தெரியவில்லை. அண்ணர் படியில் குந்தினார். முழங்கால் இரண்டும் நடுங்குவது உடுத்திருந்த சாரத்துக்கு மேலால் தெரிந்தது.

"என்னால ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்."

"வயலுக்குள்ள எங்களை விரட்டேக்கை மட்டும் இந்தக் கால் நல்லா ஓடும்," என்றார் உழவு இயந்திரக்காரர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழிகாட்டி என்ன சொல்லப் போகிறான் என்பது போல.

மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கால்கள் நடுங்குவதைப் பார்க்க ஒன்று தெரிந்தது. மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை என் கால்களும் அப்படித்தான் நடுங்கின. லொறிக்குச் சாய்த்து வைத்த பலகையில் மூட்டையோடு ஏறுகிறவன் லொறியைப் பார்க்கக் கூடாது. பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கவேண்டும். பின்கால் நிமிர்ந்த பிறகுதான் முன்கால் எழும்பவேண்டும். மூச்சை அடக்கவே கூடாது.

அண்ணரை எழுப்பி, அவருடைய கையை என் தோளில் போட்டேன். "மேல பாக்காதேங்கோ. என்ர குதிக்காலைப் பாருங்கோ. இருபது படி, பிறகு நிப்பம்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மற்ற மூவரும் அதே நடையில் பின்னால் வந்தார்கள். இருபது எண்ணி நின்றோம், மூச்சு வாங்கினோம், மறுபடி இருபது. எத்தனை இருபது என்று நான் எண்ணவில்லை. அண்ணருடைய பாரம் முழுவதும் என் வலது தோளில் இருந்தது. ஒரு நெல் மூட்டையை விடக் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் மழையும் பாஸும் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

திடீரென்று படி முடிந்து கால் சமதரையில் பட்டது.

பாறையில் பதிந்திருக்கும் சிவன் பாதத்தைக் கும்பிட்டோம். பக்கத்தில் ஒரு மணி தொங்கியது. அங்கே நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவர், எத்தனை தடவை மலை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்கவேண்டும் என்றார். நான்கு பேரும் ஆளுக்கு ஒருதரம் அடித்தார்கள். அண்ணர் கயிற்றை என் கையில் தந்தார்.

"இனி நீ அடி. உன்ர கணக்கை நாங்களும் எண்ணுவம்."

பத்துத் தரம் அடித்திருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஒருதரம் அடித்தேன். கயிற்றை விட்டேன்.

மணிச் சத்தம் முகிலுக்குள் போய் ஓய்ந்தது.

"அவ்வளவுதானோ?" என்றார் அண்ணர்.

"அவ்வளவுதான் அண்ணை."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எங்களை ஏத்திக்கொண்டு வந்தது ஆர்?"

"நான்தான்," என்றேன்.

அதைச் சொல்லும்போது தலை குனியவில்லை. என் வாழ்க்கையில் அந்தளவு நேராக நின்று நான் சொன்ன சொல் வேறு இல்லை. உழவு இயந்திரக்காரர்தான் முதலில் சிரித்தார். நான் ஏறாதவன் என்பது காலையில் மலையடியில் வைத்தே தனக்கு விளங்கிவிட்டது, ஆனால் திரும்பிப் போகச் சொன்னால் எங்கே கேட்கப் போகிறார்கள் என்று பேசாமல் இருந்ததாகச் சொன்னார். பிறகு அண்ணரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இறங்கும் வழியில் தேத்தண்ணி குடிக்கும்போது சைக்கிள் கடைக்காரர் ஒரு நியாயத்தை எடுத்தார். வழிகாட்டி என்றபடியால்தான் என்னுடைய பஸ் காசையும் சாப்பாட்டையும் நான்கு பேரும் பங்கு போட்டுத் தாங்கினார்கள். இப்போது வழிகாட்டி என்று யாரும் இல்லை, முதல்தரம் ஏறிய ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். ஆகவே நானும் மற்றவர்களைப் போல என் பங்கைத் தரவேண்டும். பிஸ்கட் பெட்டி மூடியில் எழுதிக் கணக்குப் பார்த்தார். என் பங்கு முந்நூற்றெண்பது ரூபா, நான்கு பேரில் ஒருவருக்குத் தொண்ணூற்றைந்து.

நான்கு நாள் கூலி அது. ஆனாலும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். சித்திரைக்குள் மூன்று பேருக்கும் கொடுத்து முடித்தேன். அண்ணரிடம் மட்டும் மூன்று தரம் நீட்டிவிட்டேன். ஒவ்வொரு தரமும், "வைச்சிரு, அடுத்த முறை ஏறேக்கை உன்ர தோளுக்குத் தரவேண்டி வரும்," என்று கையைத் தள்ளிவிட்டார்.

தொண்ணூற்றைந்து ரூபா இன்னும் கொடுக்க இருக்கிறது.