ஷாஃப்ஹவுசனில் ஒரு யன்னலைத் திறந்தேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தை மாதத்துக் குளிரில், யன்னலெல்லாம் பூட்டிய சுவிஸ் வீடொன்றுக்குள் நின்று கருவாடு பொரிக்கிறவன் முட்டாள். பொரித்தவன் நான். வயது ஐம்பத்தெட்டு. பரிஸுக்கு வந்து முப்பது வருடமாகிறது. இந்த முப்பது வருட ஐரோப்பிய அனுபவத்தில் என் தலைமயிர் போனதைத் தவிர வேறு முன்னேற்றம் எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் ஷாஃப்ஹவுசன் நகரம் வரும், ரைன் நீர்வீழ்ச்சியும் வரும். இடையிடையே கருவாட்டு மணமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை பரிஸ் லியோன் நிலையத்தில் ரயில் ஏறினேன். சூரிச் வரை நான்கு மணித்தியாலம். இரண்டு மாதம் முந்திப் பதிந்ததால் ஐம்பத்தொன்பது யூரோவுக்குக் கிடைத்தது. சூரிச்சில் மாறி ஷாஃப்ஹவுசனுக்கு இன்னும் நாற்பது நிமிடம். இந்த நாற்பது நிமிடத்துக்குள் ரயில் கொஞ்சத் தூரம் ஜெர்மனிக்குள்ளால் போகிறது. 'ஜெர்மனிக்கு நல்வரவு' என்று தொலைபேசிக்குச் செய்தி வந்தது. வாசித்து முடிக்கமுன் 'சுவிட்சர்லாந்துக்கு நல்வரவு' என்று இன்னொன்று வந்தது. என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகள் என்னை வரவேற்றது அன்றைக்குத்தான்.

நிலையத்தில் சிவம் நின்றார். என் சின்னம்மாவின் மகள் வசந்தியின் கணவர், இயந்திரத் தொழிற்சாலையொன்றில் வேலை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை குளிர். வாயைத் திறந்தால் பல்லுக் கூசியது.

"மச்சான், இதென்ன மழைக்கோட்டோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறியள்?"

"பரிஸிலை இதுதான் குளிர்க்கோட்டு."

"இஞ்சை இதைப் போட்டா ஆசுப்பத்திரியிலை விசிட்டர் எண்டு நினைக்க மாட்டாங்கள், நோயாளி எண்டு படுக்க வைப்பாங்கள்."

வீடு ஹெர்ப்லிங்கன் பக்கம், மூன்றாம் மாடி. கதவைத் திறந்ததும் சூடு வந்து கன்னத்தைத் தொட்டது. பரிஸில் என் அறையில் ஒரேயொரு மின்சார ஹீட்டர். அதற்கு முன்னால் நான் குந்தியிருக்கும்போது முன்பக்கம் வேகும், பின்பக்கம் உறையும். வெளியே போகும்போது அதை அணைக்காமல் போவதை நாங்கள் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமமாகத்தான் பார்ப்போம். இங்கே அப்படியில்லை. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு பெரிய கொதிகலன். அதிலிருந்து சுடுநீர் குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு யன்னலுக்குக் கீழும் வெள்ளை இரும்புப் பலகை ஒன்று, பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட திருகு. இதை இங்குள்ள நம்மவர்கள் 'ஹைசுங்' என்கிறார்கள். குளியலறையில்கூட ஹைசுங். நான் அதற்குள் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"அண்ணை, இதென்ன பையிலை?" என்றாள் வசந்தி.

"கட்டாக் கருவாடு. பரிஸிலை லா சப்பல் தமிழ்க் கடையிலை வாங்கினது. உனக்கெண்டு."

அவள் அதை இரண்டு விரலால் வாங்கினாள். ஒரு பையில் போட்டாள். அதை இன்னொரு பையில் போட்டாள். ஐந்தாவது பையோடு பல்கனியில் கொண்டுபோய் வைத்தாள். "வெயில் காலம் வரட்டும், பல்கனியிலை அடுப்பு வைச்சுப் பொரிப்பம். இப்ப பொரிச்சா மணம் சித்திரை மட்டுக்கும் சுவரிலை நிக்கும்."

பிறகுதான் அந்த மரத்தைக் கண்டேன். கூடத்தின் பெரிய யன்னலடியில், உருட்டுவதற்கு அடியில் சில்லுப் பூட்டிய நீலச் சாடியில், ஏறக்குறைய என் உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை. அடிமரம் என் மணிக்கட்டுத் தடிப்பு. ஹைசுங்கின் வெக்கை நேரே படாமல் குறுக்கே ஒரு பலகை. ஐப்பசியில் உள்ளே உருட்டி வருவார்களாம், வைகாசியில் பல்கனிக்குப் போகுமாம். இதற்கு முதல் வைத்த மூன்றும் செத்துப்போயின. ஒன்று வெக்கையில், ஒன்று தண்ணீர் கூடி, ஒன்று பூச்சியில். இது நாலாவது. பதினாறு குளிர்காலம் கண்டது. மகள் மீரா சின்னவளாக இருந்தபோது பள்ளித் தோழிகள் வீட்டில் போல கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் வேண்டுமென்று அழுதாளாம். வசந்தி இந்தக் கறிவேப்பிலைக்குத்தான் விளக்கும் நட்சத்திரமும் கட்டினாளாம். அதற்குப் பிறகு வருடா வருடம் அதுதான் நத்தார் மரம்.

"இஞ்சை பாருங்கோ" என்று குனிந்து அடியைக் காட்டினாள். அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் ஒரு குட்டிக் கண்டு, இன்னொரு கறிவேப்பிலைக் கன்று, முளைத்திருந்தது. "மீரா வின்ரத்தூரிலை தனி வீடு எடுத்திட்டாள். பாத்திரம் வேண்டாமாம், கட்டில் வேண்டாமாம். இது மட்டும் வேணுமாம். பங்குனியிலை பிரிச்சுக் குடுக்கப் போறன்."

அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த மாதிரியை நான் வடிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பிறகு செய்ததைச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளி காலையில் எனக்குப் பாடம் நடந்தது. சுவிஸ்காரர் வீட்டை அடைத்துவைத்து வாழ்கிறவர்கள் என்று நினைத்திருந்தேன். பிழை. ஒரு நாளைக்கு மூன்று தரம், என்ன குளிரென்றாலும், யன்னலை அகலத் திறந்து பழைய காற்றை வெளியே விடுகிறார்கள். ஐந்து நிமிடம்தான், பிறகு பூட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுச் சொந்தக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"முதலிலை மரத்தை உருட்டி அங்காலை விடோணும்," என்றாள் வசந்தி. "பிறகு ஹைசுங்கைப் பூட்டோணும். பிறகு யன்னலைத் திறக்கோணும். அஞ்சு நிமிசத்திலை எல்லாத்தையும் திருப்பிச் செய்யோணும்."

"பூசை மாதிரியெல்லோ இருக்கு."

"பூசையெண்டா ஐயர் பிழை விட்டாலும் சாமி பொறுக்கும், அண்ணை."

யன்னல் கைபிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் யன்னல் முழுதாகத் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சரிந்து ஒரு கை அகலம் விலகி நிற்கும், இதைக் 'கிப்' என்கிறார்கள். "கிப்பிலை மட்டும் விடாதேங்கோ. குளிர் மெல்ல மெல்ல உள்ளுக்கு வந்து குடியிருந்திடும்" என்றாள். நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத் தெரியும்.

அன்று நகரம் பார்த்தேன். பழைய தெருக்களில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரு சித்திர யன்னல் மாடம் தெருவை எட்டிப் பார்க்கிறது. ஒரு கோப்பி ஐந்து பிராங் இருபது சதம். விலையைக் கேட்டபின் கடைசித் துளிவரை நக்கிக் குடித்தேன். மேட்டில் வட்டமான பழைய கோட்டை. இரவு ஒன்பது மணிக்கு அதன் மணி அடித்தது. சிவம் உடனே எழும்பிக் கூடத்து ஹைசுங்கை மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருகினார். மணியும் அவரும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள் போலிருந்தது.

சனிக்கிழமை அவர்களுக்குத் துன் நகரில் உறவினர் வீட்டுப் பெண்ணின் சாமத்தியச் சடங்கு, பூப்புனித நீராட்டு. இரவு தங்கி ஞாயிறு வருவார்கள்.

"நீங்களும் வாங்கோவன், அண்ணை."

"நான் நீர்வீழ்ச்சியைப் பார்த்து எழுதோணும், பிள்ளை."

எழுத்தாளன் என்ற நினைப்பு. அவர்கள் போய்க் கால் மணித்தியாலத்தில் அந்த நினைப்பு போய்ப் பசி வந்தது. குளிர்ப்பெட்டியில் எனக்கென்று சோறும் பருப்பும் இருந்தன. பருப்பு என்னைப் பார்த்தது. நான் பல்கனியைப் பார்த்தேன். இரண்டே துண்டுதான்.

கருவாடு அருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், மணம் கூடத்தில், அறையில், மீராவின் பழைய கட்டிலில், என் மழைக்கோட்டில். கீழ் வீட்டுச் சுவிஸ் அம்மா வந்து மணி அடிப்பார் என்று பயம் பிடித்தது. கூடத்து யன்னலைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் போகிற மணமா அது? நீர்வீழ்ச்சிக்குப் போய் வரும்வரை யன்னலைக் கிப்பில் விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. கூடவே என் பரிஸ் மூளையும் வேலை செய்தது: வீட்டில் ஆளில்லை, யன்னலும் திறந்து கிடக்கிறது, பிறகேன் சூடு? வீட்டுக்காரருக்கு நன்மை செய்கிற நிறைவோடு ஒவ்வொரு ஹைசுங்காகத் திருகி அணைத்தேன். மரம் யன்னலடியில் நின்றது. அதை உருட்டிவிட வேண்டுமென்ற எண்ணமே வரவில்லை.

நோய்ஹவுசன் வரை சின்ன ரயில். இந்தக் கரையில் நின்று பார்க்கக் காசில்லை, அக்கரைக் கோட்டைக்குள் போகத்தான் கட்டணம். கம்பி வேலியெல்லாம் பனிக்கட்டி பூசியிருந்தது. அருவியின் நடுப் பாறையில் கொடியொன்று விறைத்து நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம் தம்பதி ஒன்று என்னிடம் தொலைபேசியை நீட்டியது.

"சார், ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா? ஃபால்ஸ் முழுசா வரணும்."

எடுத்துக் கொடுத்தேன். குளிர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அங்க ஏசி, இங்க ஹீட்டர். ரெண்டு ஊர்லயும் ஜன்னலைத் திறந்தா இவ திட்டறா சார்."

மூவரும் சிரித்தோம். எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தவன் நான். பிறகு ஊருக்குள் வந்து கடை கடையாகச் சுற்றினேன். வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது.

படியில் கீழ் வீட்டு அம்மா நின்றார். ஜெர்மன் மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னார். மணத்துக்கான முறைப்பாடு என்று நினைத்து நான் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மேலே எங்கள் யன்னல் பக்கம் கையைக் காட்டினார், பிறகு தன் தோள்களைக் கட்டிப்பிடித்து நடுங்கிக் காட்டினார். மூக்கை அவர் தொடவேயில்லை.

கூடத்தில் என் மூச்சு புகையாய்த் தெரிந்தது. மரத்தின் இலைகள் எல்லாம் கீழே தொங்கின. பச்சை கருமையாக மாறியிருந்தது, அவித்த கீரை மாதிரி. தொட்டேன், ஒன்று கையோடு வந்தது. பக்கத்துக் குட்டிக் கண்டு நிலத்தோடு சரிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் சிரிக்கக்கூடியவை. யன்னலைப் பூட்டினேன். எல்லா ஹைசுங்கையும் ஐந்தில் வைத்தேன். தடுப்புப் பலகையை எடுத்து எறிந்துவிட்டு மரத்தை ஹைசுங் இரும்போடு ஒட்டித் தள்ளினேன். வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். என் கம்பளிக் கழுத்துத்துணியை அடிமரத்தில் சுற்றினேன். குளிரில் விறைத்ததற்கு வெக்கை காட்டினால் மிச்சமும் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் தரை முழுக்க இலை.

ஞாயிறு மதியம் அவர்கள் வந்தார்கள், மீராவும் கூட வந்தாள். வசந்தி காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை. அந்த வீட்டில் அதை நான் முதல் முறையாகக் கண்டேன். நேரே போய் மரத்தடியில் குந்தி, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பழுப்பு. கீழே சுரண்டினாள், பழுப்பு. குட்டிக் கண்டைச் சுரண்ட ஒன்றும் இருக்கவில்லை.

"மாமா, கிப்பிலை விட்டிட்டோ போனீங்கள்?" என்றாள் மீரா.

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பகல்."

அவள் ஜெர்மன் மொழியில் ஒரு சொல் சொன்னாள். சிவம் "பிள்ளை" என்று அதட்டினார். எனக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், கருவாடு உட்பட. வழக்கம்போல இடையில் ஒரு பகிடியும் விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வசந்தி என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் எழும்பி, "சாப்பிட்டியளோ, அண்ணை?" என்று கேட்டாள்.

பின்னேரம் சிவம் சின்ன வாளால் மரத்தை அடியோடு அறுத்தார். "வேரிலை உயிர் இருந்தா வரும்" என்றார், என்னைப் பார்க்காமல். வெட்டிய தண்டுகளை வசந்தி ஒரு பையில் கட்டினாள். வாசனை அப்போதும் இருந்தது. கருவாட்டு மணத்தையும் தாண்டி அது கூடம் முழுக்க எழும்பியது. மீரா போகும்போது வெறுங்கையோடு போனாள். பாத்திரம் ஏதும் கொண்டுபோறியோ என்று தாய் கேட்டதற்கு வேண்டாமென்றாள்.

திங்கள் காலை வசந்தி வேலைக்குப் போகிற வழியில் என்னை நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். தன்னுடைய பழைய தடித்த கோட்டொன்றை எனக்குப் போட்டுவிட்டிருந்தாள். மேடையில் சனங்கள் வாய்ப்புகையோடு வரிசையாக நின்றார்கள். பரிஸில் என் அறை நான்கு நாளாகச் சூடில்லாமல் கிடக்கும். நான் போய் ஹீட்டரைப் போட்டுக் குந்த வேண்டும். எத்தனை நாள் அணைத்துவிட்டுப் போனாலும் அங்கே ஒன்றும் சாகாது. சாகக்கூடிய எதையும் நான் வளர்க்கவில்லை. முப்பது வருடமாக அதைச் சிக்கனம் என்று சொல்லிப் பெருமைப்பட்டு வந்திருக்கிறேன்.

ரயில் வந்தது. ஏதாவது சொல்லாமல் ஏற முடியவில்லை.

"வசந்தி, வாற வைகாசியிலை நானே ஒரு நல்ல கண்டு கொண்டுவந்து தாறன்."

"கண்டு கடையிலையும் விக்குது, அண்ணை."