வள்ளலின் மதில்

பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் பெரிய வீட்டு மதிலில் பெடியள் படம் கீறுகிறார்கள். அந்த வீட்டு மகன் தேர்தலில் நிற்கிறான். செத்துப்போன தன் தகப்பன் ஊருக்குத் தண்ணீர் வார்ப்பதாகப் படம் கேட்டிருக்கிறான். அடித்த வெள்ளைப் பூச்சுக்கு மேலே பழுப்பாக ஏதோ ஊறி நின்றது. கண்டதும் எனக்குத் தார் மணத்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கோடையில் எங்கள் கிணறெல்லாம் உவர்த்துப் போனது. அம்மா குடத்தோடு அந்த வீட்டுக்குப் போனார்.

"கடலுக்குப் போற ஆக்கள் என்ரை கிணத்தடிக்கு வரப்படாது!" அந்தத் தகப்பன் குடத்தைக் காலால் தட்டிவிட்டான்.

அம்மா வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய தாரைக் காய்ச்சினார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அவனுடைய மதில் நிறைய எழுதினார்: 'இந்த வீட்டில் தண்ணீர் கேட்காதீர்கள்.' இரவு எனக்குச் சோறு தீத்திய விரல்களிலும் தார் மணம்.

ஒவ்வொரு கோயில் திருவிழாவுக்கும் அவன் மதிலுக்கு வெள்ளை அடிப்பான். தேர் இழுப்பதற்குள் தார் மேலே வந்துவிடும். அம்மா என்னை வேண்டுமென்றே அந்த வழியால் கூட்டிப் போவார்.

"எழும்பிட்டுது, பார் பிள்ளை."

இன்று பெடியன் ஒருவன் தூரிகையோடு என்னிடம் வந்தான்.

"அன்ரி, எத்தினை தரம் அடிச்சும் உந்தக் கறை போகுதில்லை."

"காய்ஞ்சாச் சரியாகும், தம்பி. ஐயாவின்ரை முகத்தை அதிலையே கீறுங்கோ. நல்லாப் பெரிசாக் கீறுங்கோ."