ஆசை இருக்கா?

நான் இருந்தேன். என் வீட்டுக்காரியின் அண்ணன் செல்வராசு மச்சான் இருந்தார். மீன்சுருட்டி டீக்கடை கலியமூர்த்தி. வரதராசன்பேட்டை சவேரியம்மாள் டீச்சர். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் ஒருவர், பெயர் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் இந்த ஐந்து பேர். எல்லோருக்கும் சுகர். மாத்திரை வாங்கும் நாள்.

மச்சானை இழுத்து வந்தது நான்தான். மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். கால் புண் ஆறவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் அசையவில்லை. தன் முந்திரிக்காட்டுப் பக்கமும் போவதில்லை. கேட்டால், 'சுகர் அசதி' என்பார்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தானே... சோறு இறங்கவில்லையா? அசதி. தூக்கம் வரவில்லையா? அசதி.

நர்ஸம்மா வந்தார். ஊருக்குப் புதுசு. முதலில் மச்சானிடம் கேட்டார்.

"ரெண்டு வாரமா எதுலயுமே ஆசையில்லாம இருக்கீங்களாய்யா?"

"லட்டு மேல நெறய ஆசை இருக்குங்க. நீங்கதான் வேணாங்கிறீங்க."

பெஞ்சே சிரித்தது. கலியமூர்த்தி தன் பங்குக்கு அல்வாவைச் சேர்த்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. நகரவும் இல்லை.

"திங்கிறத கேக்கலங்கய்யா. காலையில எந்திரிக்க ஆசை இருக்கா?"

மச்சான் கால் கட்டைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"இல்லம்மா. எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல. அதான் மாத்திரைய விட்டுட்டேன்."

அசந்துபோனேன். பஞ்சாயத்தில் அவர் வாய் திறந்தால் எதிரே ஆள் நிற்காது. அந்த மனுஷன் இத்தனை பேர் நடுவில், தலை குனியாமல் சொல்கிறார்... எத்தனை பெரிய நெஞ்சு வேண்டும் அதற்கு!

சுகர்காரர்களுக்கு இது வரும், இதுவும் வியாதிதான், வைத்தியம் இருக்கிறது என்றார் நர்ஸம்மா. மச்சானை டாக்டரிடம் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்களிடமும் அதே கேள்வி.

இந்த முறை யாரும் லட்டைப் பற்றிப் பேசவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மச்சான் வெளியே வந்தார். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் கவனித்தார். பெஞ்சில் கலியமூர்த்தி மட்டும் இருந்தார். மற்ற மூன்று பேரும் டாக்டர் ரூம் வாசலில் வரிசையில் நின்றோம்.

"என்ன மாப்ள, நீங்களுமா?"

தலையாட்டினேன்.

அவரையும் சேர்த்து, நாலு.