டோன்கா யாரைக் கேட்டாள்?

பல்கேரியாவின் ரூசே நகரத்தில் டோன்காவைத் தெரியாதவர்கள் குறைவு. மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ்ஸை இளவயதிலிருந்தே ஓட்டிவந்தாள். கதவை மறித்து நிற்பவர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும், "ஏறு, இல்ல இறங்கு" என்பாள். அப்படிப்பட்டவள் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போக நினைக்கிறாள் என்று தெரிந்ததும் ஊரே யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது.

காரணம் பெரிய ரகசியமில்லை. அவள் கணவன் மிஞ்சோ கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். முதுகு போனபின் வீட்டோடு இருந்தான். ஒருத்தி சம்பளத்தில் குளிர்காலத்தைத் தாண்டுவது வருஷா வருஷம் இழுபறி. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்திலும் இதே டன்யூப் ஆறுதான், இதே மாதிரி கம்பி பஸ்தான், ஆனால் அங்கே டிரைவர்களுக்குப் பஞ்சம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

ஆகஸ்டில், மிஞ்சோவின் பெரியப்பா மகன் கோல்யோ வியன்னாவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அங்கே ஒரு ஓட்டலில் தட்டு கழுவுகிறவன். தோட்டத்து மேஜையில் பழச்சாராயமும் தக்காளியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வந்ததும் பேச ஆரம்பித்தான்.

"நேராப் போய் நின்னா எவனும் மதிக்க மாட்டான் டோன்கா. உன் லைசென்ஸ் அங்க செல்லாது. என் ஆளு ஒருத்தன் இருக்கான், கொஞ்சம் காசு குடுத்தா எல்லாம் பாத்துக்குவான். மிஞ்சோவ மட்டும் இங்கயே விட்டுட்டுப் போ. அங்க அவன் உனக்குப் பாரம்."

கரியடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மிஞ்சோ திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, நீ அங்க பஸ் ஓட்டியிருக்கியா?" என்றாள் டோன்கா.

"ஓட்டல. ஏறியிருக்கேன்."

"அப்போ எந்த ஸ்டாப்ல இறங்கணும்னு உன்னைக் கேக்குறேன். மத்தத வேற ஆளுகிட்ட கேட்டுக்குறேன். தக்காளியச் சாப்பிடு."

அடுத்த திங்கட்கிழமை நேராக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். ஐரோப்பாவில் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்லவே அங்கே கலினா என்று ஒரு பெண் இருந்தாள்.

"இதுக்கு எவ்வளவும்மா?"

"ஒண்ணும் இல்லக்கா. இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எவனாவது உங்ககிட்ட காசு கேட்டா வாசலைக் காட்டுங்க."

கலினா அங்கிருந்தபடியே லின்ஸில் தன்னைப் போலவே வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தியைக் கணினித் திரையில் பிடித்தாள். பத்தே நிமிஷத்தில் பாதி பயம் கழன்று விழுந்தது. பஸ் லைசென்ஸ் அங்கேயும் செல்லும். கம்பி பஸ்ஸுக்கு மட்டும் தனிப் பயிற்சி தருவார்கள். ஆனால் அவளுடைய அரைகுறை ஜெர்மன் போதாது, வகுப்பில் சேர்ந்து படிக்க வேண்டும்.

டோன்கா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். "அந்த ஊர்ல பஸ் ஓட்டுற பொம்பள யாராவது இருக்காளா கேளு. நான் அவகிட்ட பேசணும்."

கலினா மொழிபெயர்த்தாள். திரையில் இருந்த அம்மாள் சிரித்தாள். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம்க்கா. தேடிப் பாக்குறேங்குறாங்க."

கிடைத்தவள் பெயர் அன்கித்சா, குரோவேஷியாக்காரி. அவள் மொழியும் டோன்காவின் பல்கேரிய மொழியும் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி. பாதி புரியும், மீதியை இருவரும் போனில் சத்தமாகப் பேசிச் சமாளித்தார்கள்.

"கிளாஸ்ல என்ன சொல்லித் தர்றாங்க?" என்றாள் அன்கித்சா.

"ஆப்பிள் வாங்க."

"நாசமாப் போச்சு. பஸ்ல எவன் ஆப்பிள் விக்கிறான்? 'உள்ள தள்ளி நில்லுங்க', 'கதவ விடுங்க', 'நாயப் பிடிச்சுக்கங்க', இதப் படி. அப்புறம் ஒண்ணு, இங்க உள்ளவங்க பேசுற ஜெர்மன் உன் புத்தகத்துல இருக்காது. பயப்படாத, அது வியன்னாக்காரனுக்கே சரியாப் புரியாது."

புருஷனைப் பற்றியும் அவளே கேட்டாள். "விட்டுட்டு வர்றேன்னு சொல்லாத. அப்படி வந்த ரெண்டு மூணு பேர் குடும்பம் உடைஞ்சத நான் பாத்திருக்கேன்."

இலையுதிர்காலத்தில் லின்ஸ் பஸ் கம்பெனி கணினித் திரை வழியே நடத்திய முதல் நேர்காணலில் டோன்கா தோற்றாள். கேள்வி புரியாமல் மூன்று தடவை 'ஆமாம்' என்றாள். அதில் இரண்டு 'இல்லை' என்றிருக்க வேண்டியது. ஜெர்மன் தேறியதும் திரும்ப வரச் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு மணிநேரம் கோபமாக இருந்துவிட்டு, மறுநாளே ஞாயிறுதோறும் தன்னோடு போனில் ஜெர்மனில் சண்டை போடும்படி அன்கித்சாவிடம் சொல்லிவிட்டாள்.

கூட வருவதைப் பற்றி மிஞ்சோதான் பிடிகொடுக்கவில்லை. பனிக்காலத்தில் ஒருநாள் ஏதோ கேட்க டோன்கா அலுவலகத்துக்குப் போனபோது கலினா சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் நேத்து வந்திருந்தாரே, சொல்லலையா?"

வீட்டுக்கு வந்தாள். அவன் பீன்ஸ் சூப் கிளறிக்கொண்டிருந்தான்.

"அவகிட்ட என்ன கேட்ட?"

"சும்மா கேட்டேன்." சூப்பில் ஒரு சிட்டிகை உப்பு போட்டான். "நான் தளத்துல உழைச்ச வருஷமெல்லாம் எல்லை தாண்டினா காத்துல போயிடுமான்னு கேட்டேன். போகாதாம். அங்க கொஞ்ச நாள் வேலை பாத்தாலும் பென்ஷனுக்கு இதையும் சேர்த்துத்தான் பாப்பாங்களாம். பாரம் தூக்காத வேலையும் தேடித் தருவாங்களாம். சமையல்கட்டு மாதிரி."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, பாரமா வரமாட்டேன். வர்றேன்."

அவ்வளவு மாதம் கோல்யோ சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவன் சுமந்துகொண்டு திரிந்தது டோன்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சூப் அடிப்பிடித்தது.

இரண்டாவது நேர்காணலில் தேவையான இடத்தில் 'இல்லை' சொன்னாள். வசந்தத்தில் இருவரும் லின்ஸ் போய் இறங்கினார்கள். அன்கித்சா சொல்லிவைத்திருந்த அறையில் முதல் சம்பளம் வரும்வரை இருந்தார்கள். அப்புறம்தான் வீடு பார்த்தார்கள். மிஞ்சோவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரைநாள் வேலை கிடைத்தது.

பயிற்சி முடிந்து டோன்கா தனியாக ஓட்டிய முதல் நாள். மூன்றாவது நிறுத்தத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு மிஞ்சோ நின்றிருந்தான். டிக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வழியெல்லாம் ஏறியவர்கள் அவளுக்குப் பாதி புரிந்த ஜெர்மனில் காலை வணக்கம் சொன்னார்கள். அவளும் சொன்னாள். கதவை மறித்த ஒருவனை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளி நிற்கவைத்தாள். அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மிஞ்சோ மட்டும் அசையவில்லை.

"இறங்குய்யா, இதுக்கு மேல கம்பி இல்ல."

"திரும்பிப் போகும்ல? ஓட்டு," என்று ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டான்.