ஈரம் உறிஞ்சாத மெஷின்

காவலூரில் மழை நின்றாலும் ஜாஹிதா வீட்டுச் சுவருக்கு மட்டும் அது தெரியாது. மலைச்சரிவுக்கு முதுகைக் கொடுத்துக் கட்டிய வீடு. கார்த்திகை முழுக்கப் பின்சுவரில் நீர் கசியும். மார்கழிப் பனி வந்து மிச்சத்தை முடித்துவைக்கும். பீரோவில் மடித்து வைத்த புடவையை எடுத்தால் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. தலையணையைத் தட்டினால் ஓர் அழுகல் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், அவள் நெஞ்சுக்குள் யாரோ விசிலடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாணியம்பாடி வெயிலில் வளர்ந்தவள் அவள். காவலூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறி வந்தாள். போன வருஷக் குளிரில் மூச்சு இழுத்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிக்கொண்டு கிடந்தாள். அப்போது ஓடி வந்தவன் அவளுடைய அண்ணன் ஒவைஸ். வாணியம்பாடியில் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தங்கை வீடு திரும்பிய அன்றே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றைக் காரில் ஏற்றி வந்து படுக்கையறையில் வைத்தான்.

"மச்சான், நான் சொல்றதச் சொல்லிட்டேன். அடுத்த குளிர்லயும் இவளுக்கு மூச்சு இழுத்துச்சுன்னா நான் கூட்டிகினு போய்டுவேன். கீழ ஒரு வூடு பார்த்துட்டு அப்புறமா வந்து கூப்புடுங்க."

கீழே எங்கே வீடு பார்ப்பது? கடை இங்கே. சொந்த வீடு இங்கே. கலீலுல்லாவின் அம்மா கௌசர்பீ இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காதவள். கீழே இறங்கினால் திரும்பி ஏறுவது நடக்காது என்று ஜாஹிதாவுக்குத் தெரியும். அவள் குடும்பம் பிரியாமல் நிற்பது அந்த வெள்ளைப் பெட்டியின் கையில் இருந்தது.

அதனால் அந்தப் பெட்டியை அவள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் தொட்டியை உருவித் தண்ணீரைக் கொட்டுவாள். வழவழப்புப் பிடிக்காமல் வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவுவாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்து வலை ஃபில்டரைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். சுவரை ஒட்டி நிற்காமல் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைப்பாள். மறுபடியும் சுவரோடு ஒட்டித் தள்ளுவது கலீலுல்லாவின் வேலை.

"நடக்கிற வழியில கீதே! உங்க அண்ணன் ரொம்ப எடத்த அடைச்சிகினு நிக்கிறாரு" என்பான் அவன். மெஷினுக்கு அவன் வைத்த பேரே 'உங்க அண்ணன்'தான். தினமும் கடையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு உங்க அண்ணன் எவ்ளோ குடிச்சாரு?"

"சிரிங்க. ஊர்ல கீற வண்டியெல்லாம் பிரிச்சு மாட்டத் தெரியுது. வூட்ல ஒரு ஃபில்டரக் கழட்டக் கை வர்ல."

"நாளைக்குப் பார்க்கறேன்."

அந்த நாளை வரவே இல்லை.

இந்தக் குளிரில்தான் எல்லாம் கோணலாகப் போயிற்று. ஃபில்டரைக் கழுவக் கழுவ, அதில் பழுப்பு நிறத்தில் பிசுக்குப் படிந்தது. வெறும் தூசி என்றால் தண்ணீரில் போய்விடுமே? இது விரலில் ஒட்டியது. ஜாஹிதா புருஷன்மேல் பாய்ந்தாள். "உங்க கடைக் கிரீஸுதான் இது. சட்டையோட உள்ள வராதீங்க." பாவம் கலீலுல்லா, அந்தக் குளிரில் கொல்லைப்புறத்தில் நின்று குளித்துவிட்டு, பல் கிட்டிக்க உள்ளே வந்தான். அப்போதும் பிசுக்கு நிற்கவில்லை. மெஷின் இரைந்துகொண்டே ஓடியது. தொட்டியில் மட்டும் தண்ணீர் இல்லை. முன்பு நிரம்பி வழிந்த தொட்டியின் அடியில் இப்போது ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. சுவர் மறுபடி வியர்த்தது. பீரோ மறுபடி நாறியது. அவள் நெஞ்சில் மறுபடி அந்த விசில்.

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? கழுவுவதைக் கழுவினாள். துடைப்பதைத் துடைத்தாள். படைத்தவனிடம் அழுதாள். ஒரு பெட்டிக்கு எதிராக ஒரு பெண் தோற்பதா?

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஒவைஸ் பேச்சை நிறுத்தினான்.

"எத்தினி நாளா இது?"

"தூசுண்ணே. சும்மா..."

"நாளைக்கு ஜும்மா முடிச்சிகினு வர்றேன். துணி எடுத்து வை."

வியாழக்கிழமை அந்தி என்றால் கௌசர்பீ வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே ஜாஹிதா சொல்லியிருந்தாள், "மாமி, படுக்கையறைல மட்டும் போடாதீங்க, எனக்கு ஒத்துக்காது" என்று. மாமியாரும் தலையாட்டியிருந்தாள். அதோடு நிற்காமல், புகை அடங்கும்வரை மருமகளைப் பக்கத்து வீட்டு வசந்தியிடம் அனுப்பியும் வைப்பாள். அந்த அக்கறையை நினைத்து ஜாஹிதா எத்தனையோ முறை நெகிழ்ந்திருக்கிறாள்.

அன்று வசந்தி வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்குள் மெஷினை எப்படியாவது வழிக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொரு தடவை ஃபில்டரைக் கழுவிப் பார்க்கலாம் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியில் திரும்பினாள்.

படுக்கையறை வாசலில் அவள் கால்கள் நின்றுவிட்டன.

மெஷினுக்குப் பின்னால் கௌசர்பீ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஃபில்டருக்கு நேராகச் சாம்பிராணித் தட்டு. கங்கு சிவந்திருந்தது. எழும்பிய புகையை மெஷின் ஒரு பொட்டு விடாமல் உறிஞ்சி, மேல்பக்கமாக ஊதி அறைக்குள் பரப்பிக்கொண்டிருந்தது. கௌசர்பீ இன்னொரு பிடி பொடியைத் தூவினாள்.

"மாமி! இன்னா பண்றீங்க?"

கௌசர்பீ திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீ ஏன்டி அதுக்குள்ள வந்த? போ, போ, பொக அடங்கல."

"மெஷின்கிட்ட ஏன் வெச்சீங்க?"

"அது நல்லா இழுத்து ஊதுது பாரு. நான் தட்டத் தூக்கிகினு மூலமூலையா அலைய வேணாம்." அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது. "பொக உள்ள போனா ஈர வாட ஓடிப்பூடும். உனுக்கும் சளி எறங்கும். அதுக்குத்தான் வாராவாரம் வெக்கிறேன்."

ஜாஹிதா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். தட்டை வெளியே வைத்துவிட்டு ஃபில்டரை உருவினாள். இத்தனை நாள் அவள் கழுவியது இந்த வலையை மட்டும்தான். அதற்குப் பின்னால், காற்றைக் குளிரவைத்து ஈரத்தைத் தண்ணீராக இறக்கும் காயிலை இன்றுதான் டார்ச் அடித்துப் பார்த்தாள். மெல்லிய தகடுகளுக்கு இடையே தார் பூசியதுபோலப் பழுப்புப் பிசுக்கு. அதன்மேல் வெள்ளையாகப் பனிக்கட்டி. காற்று போக ஊசிமுனை அளவு வழியில்லை. பிறகு எப்படித் தண்ணீர் இறங்கும்?

கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? அவள் மூச்சை அடைத்ததும் இந்த அன்புதான், அவளுக்காகப் புகை போட்டதும் இந்த அன்புதான். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம். ஜாஹிதா தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். அழுகையோடு இருமலும் வந்தது.

மறுநாள் ஒவைஸ் வந்தான். செருப்பைக் கழற்றியதும் நேரே படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தான்.

"துணி எங்க?"

"எடுத்து வெக்கல. மெஷின்ல அழுக்குண்ணே. என் தப்புதான். உள்ள பார்க்காம விட்டுட்டேன்."

ஒவைஸ் குனிந்து காயிலை விரலால் தேய்த்து மோந்து பார்த்தான். நாள் முழுக்கத் தோலையும் மருந்தையும் மோந்து பழகிய மூக்கு அது. "சாம்பிராணி. யாரு போட்டது?"

மாமியாரைச் சொன்னால், புகை போடும் வீட்டில் தங்கையை விடமாட்டான். சொல்லாவிட்டால், மெஷின் உதவாது என்று கூட்டிப்போவான். "நான்தான்" என்றாள் ஜாஹிதா.

"ஊதுபத்தி கொளுத்துனாலே எழுந்து ஓடுறவ நீ. நீ போட்டியா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த கௌசர்பீ முன்னால் வந்தாள். தலை முக்காடு நழுவியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"நான் போட்டேன்பா. தெரியாத்தனமாப் போட்டேன். கூட்டிகினு போறதுன்னா என்னக் கூட்டிகினு போ. அவ இங்கியே இருக்கட்டும்."

அதுவரை கதவோரம் நின்ற கலீலுல்லா, "அப்ப கிரீஸு இல்லியா? குளுர்ல கொல்லையில நின்னு குளிச்சனே!" என்றான்.

ஜாஹிதாவுக்குள் மாதக்கணக்காகத் தேங்கியிருந்தது அந்த நொடியில் உடைந்தது.

"யாரும் யாரையும் கூட்டிகினு போக வேணாம்! நீ வாங்கிக் குடுத்துட்டு, மெரட்டிட்டுப் பூட்ட. இவரு பேரு வெச்சுக் கிண்டல் பண்ணிகினு கெடக்குறாரு. மாமி பொக போடுது. எல்லாருக்கும் என்மேல பாசம். கழுவ மட்டும் நான் ஒருத்தி! நான் எங்கியும் வர்ல. இன்னிக்கு இத்த நீங்கதான் கழுவணும்."

இரண்டு ஆண்களும் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கினார்கள். ஒவைஸ் சோப்புத் தண்ணீர் தெளிக்க, கலீலுல்லா பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளை மேலிருந்து கீழாகத் தேய்த்தான். குறுக்கே தேய்த்தபோதெல்லாம் ஜாஹிதாவிடம் திட்டு வாங்கினான். அடியில் விரித்த துணியில் கறுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"வயர்ப்பக்கம் தண்ணி படக்கூடாதுங்க!"

"தெரியும், மெக்கானிக்கு நானு."

"இத்தினி நாளு எங்க இருந்தாரு அந்த மெக்கானிக்கு?"

ஒவைஸ் அன்று அங்கேயே தங்கினான். இரவு முழுக்கக் காயவிட்டு, சனிக்கிழமை பகலில் ஓட்டினார்கள். சாயங்காலம் தொட்டியைக் குலுக்கிப் பார்த்த கௌசர்பீ, "தண்ணி கீது, தண்ணி கீது" என்று தொட்டியோடு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். ஒவைஸ் அதை எட்டிப் பார்த்தான். பாதிகூட நிறையவில்லை. தங்கையின் நெஞ்சுச் சத்தமும் இன்னும் முழுக்க அடங்கவில்லை. இருந்தும் அவன் தனியாகத்தான் வண்டியில் ஏறினான்.

"அடுத்த வாட்டி போன்ல இருமல் சத்தம் கேட்டுச்சுன்னா..."

"கேட்டா பிரஷ்ஷோட வா" என்றாள் ஜாஹிதா. அவள் கோபம் இன்னும் தீரவில்லை.